முளையைப் பார்த்து விளைச்சல் எழுதும் தொழில்

கேள்வி இதுதான்: பேஸ்பாலில் பதினெட்டு வயதுப் பையனைக் கூப்பிட்டு லட்சக்கணக்கான டாலரைக் கையில் கொடுக்கிறார்கள். அடுத்த பத்து வருடம் இவன் ராஜ்ஜியம்தான் என்று எழுதுகிறார்கள். நாலைந்து வருடம் கழித்துத் தேடினால் ஆளையே காணோம். யாரும் சீந்தாத ஒருவன் எங்கிருந்தோ வந்து ஜாம்பவான் ஆகிவிடுகிறான். ஆள் எடுப்பவர்களுக்குக் கண் தெரியாதா, இல்லை இதெல்லாம் வெறும் லாட்டரிதானா?

இரண்டும் இல்லை என்பேன். அவர்களுக்குக் கண் நன்றாகவே தெரியும். ஆனால் பார்க்கும் நாளில் இருப்பதைத்தான் யாராலும் பார்க்க முடியும். ஒருவனின் ஆட்ட வாழ்க்கையைத் தீர்மானிக்கிற சங்கதிகளில் பாதிக்கு மேல் அந்த நாளுக்கு அப்புறம்தான் நடக்கின்றன. பொதுவாகச் சொன்னால் இது பிடிபடாது. 1992இல் ஃப்ளோரிடாவின் ஃபோர்ட் லாடர்டேலில் ஒரே அணியில் ஆடிய இரண்டு பிட்ச்சர்களின், அதாவது பந்து வீசுபவர்களின், கதையைச் சொல்கிறேன்.

அதற்கு முன், பேஸ்பால் பழக்கமில்லாதவர்களுக்கு: அமெரிக்காவில் மேஜர் லீக் அணிகள் 30. ஒவ்வொன்றுக்கும் கீழே மைனர் லீக் என்று படிப்படியாகக் கிளை அணிகள் உண்டு. டிராஃப்ட்டில், அதாவது அணிகள் முறைவைத்து இளம் வீரர்களைப் பொறுக்கும் தேர்வில், எடுத்த பையனை நேராக மேலே ஏற்றுவது அபூர்வம். ஏ, டபுள் ஏ, டிரிபிள் ஏ என்று ஏணி ஏறித்தான் வர வேண்டும். டெண்டுல்கர் பதினாறு வயதில் கராச்சியில் டெஸ்ட் ஆட இறங்கியதுபோல இங்கே சாதாரணமாக நடக்காது. அந்த ஏணியில்தான் பெரும்பாலானவர்கள் தங்கிப்போகிறார்கள். டிராஃப்ட் தொடங்கியது 1965இல். முந்தைய ஆண்டு மோசமாக ஆடிய அணிக்கு முதல் வாய்ப்பு என்பது அடிப்படை விதி. இப்போது அதோடு ஒரு குலுக்கலும் சேர்ந்திருக்கிறது.

ஃபோர்ட் லாடர்டேல் அணி நியூயார்க் யாங்கீஸின் கிளை. அந்த இருவரில் முதலாமவர் பிரையன் டெய்லர். வட கரோலினாவின் கடலோரப் பகுதியிலிருந்து வந்த இடக்கைக்காரர். 1991 டிராஃப்ட்டில் நாட்டிலேயே முதல் ஆள். யாங்கீஸ் முதலில் பேசிய தொகை 3 லட்சம் டாலர். டெய்லரின் அம்மா நண்டு உரிக்கும் ஆலையில் வேலை பார்த்தவர். முந்தைய ஆண்டு டாட் வான் பாப்பல் என்ற பையனுக்கு ஓக்லாந்து அணி 12 லட்சம் கொடுத்திருந்தது அவருக்குத் தெரியும். 'அவனுக்கு அவ்வளவு என்றால் என் பிள்ளைக்கு ஏன் குறைய வேண்டும்' என்று மாதக்கணக்கில் அசையாமல் நின்றார். கடைசியில் 15 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்குக் கையெழுத்தானது. அன்றைக்கு அது சாதனைத் தொகை. அந்த அம்மாவை எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஏன் என்று பின்னால் புரியும். பேஸ்பால் அமெரிக்கா பத்திரிகை 1992இல் வெளியிட்ட இளம் வீரர் பட்டியலில் டெய்லருக்கு முதலிடம். ஃபோர்ட் லாடர்டேலில் 161 இன்னிங்ஸில் 187 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார், அதாவது பந்தை அடிக்கவிடாமலே வெளியேற்றினார். பத்திரிகை சொன்னதில் பொய் இல்லை.

இரண்டாமவர் பனாமாவின் புவெர்த்தோ கைமித்தோ என்ற மீனவக் கிராமத்திலிருந்து வந்தவர். அப்பாவின் மீன்பிடிப் படகில் வேலை பார்த்தவர். 1990இல் யாங்கீஸ் அவருக்குக் கொடுத்தது சில ஆயிரம் டாலர். அதற்குச் சற்று முன்புவரை அவர் பிட்ச்சரே இல்லை, உள்வட்டத்தில் ஃபீல்டிங் செய்யும் ஷார்ட்ஸ்டாப். ஒல்லியான உடம்பு, அதிவேகம் என்று சொல்ல முடியாத பந்து, நல்ல கட்டுப்பாடு. அவ்வளவுதான் கணக்கு. 1992 ஆகஸ்டில் முழங்கையில் அறுவை சிகிச்சை. அந்த நவம்பரில் கொலராடோ, ஃப்ளோரிடா என்ற இரண்டு புது அணிகள் மற்ற அணிகளிலிருந்து ஆள் பொறுக்கிக்கொள்ள லீக் அனுமதித்தது. யாரைத் தொடக்கூடாது என்று ஒவ்வொரு அணியும் பட்டியல் கொடுக்கலாம். யாங்கீஸ் கொடுத்த பட்டியலில் இவர் பெயர் இல்லை. அதாவது, 'வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்' என்று விட்டுவிட்டார்கள். இரண்டு அணிகளும் எடுக்கவில்லை.

அவர் பெயர் மரியானோ ரிவேரா. 652 சேவ் (அணியின் முன்னிலையைக் கடைசியில் வந்து காத்துக்கொடுப்பது), யாரும் தொடாத சாதனை. 2019இல், ஜாம்பவான்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமுக்கு ஒரு ஓட்டுக்கூடக் குறையாமல் ஏகமனதாகத் தேர்வான முதல் ஆள்.

டெய்லருக்கு என்ன ஆனது? 1993இல் ஒரு படி மேலே, டபுள் ஏ அணியில் 13 வெற்றி. அடுத்த ஆண்டு மேலே வந்துவிடுவார் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். டிசம்பரில் ஊருக்குப் போனார். அங்கே ஒரு தகராறில் சகோதரனுக்காகப் போய் நின்றார். கைகலப்பில் இடது தோள் கிழிந்தது. பந்து வீசும் தோள். அறுவை சிகிச்சை செய்தவர் டாக்டர் ஃபிராங்க் ஜோப். ரிவேராவின் முழங்கையைத் திறந்து சரிசெய்ததும் அதே கைதான். இவ்வளவு மோசமான தோள் காயத்தை அதிகம் பார்த்ததில்லை என்று டாக்டரே சொன்னதாகச் செய்தி வந்தது. 1994 முழுதும் ஆடவில்லை. திரும்பி வந்தபோது வேகமும் இல்லை, குறியும் இல்லை. 1996இல் கீழ்ப்படி அணியொன்றில் 16 இன்னிங்ஸில் 43 வாக் (குறி தப்பிய நான்கு பந்துக்கு பேட்டருக்குக் கிடைக்கும் இலவச இடம்) கொடுத்தார். கிரிக்கெட் பாஷையில், வீசுவதெல்லாம் வைட் என்று வைத்துக்கொள்ளுங்கள். டபுள் ஏ-க்கு மேல் அவர் ஒருநாளும் ஆடவில்லை. பிற்பாடு அப்பாவோடு கொத்து வேலைக்குப் போனார். அம்மா அடம்பிடித்து வாங்கிக் கொடுத்த அந்தப் பணம்தான் பேஸ்பாலில் அவர் கண்ட பெரும் பணம்.

ரிவேரா பக்கத்துக் கதை இன்னும் விசித்திரம். 1995இல் மேலே கூப்பிட்டார்கள், அடி வாங்கினார், திரும்ப அனுப்பினார்கள். டெட்ராய்ட் அணியிலிருந்து டேவிட் வெல்ஸ் என்ற பிட்ச்சரை வாங்க இவரைக் கொடுத்துவிடலாமா என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. ஜூன் மாதம் ஒருநாள் டிரிபிள் ஏ ஆட்டத்தில் அவர் பந்து திடீரென்று மணிக்கு 95 மைல் காட்டியது. அதுவரை 90ஐ ஒட்டித்தான் இருந்தது. வேக அளவி பழுதோ என்று சந்தேகப்பட்டு வேறு ஆட்களிடம் விசாரித்தார்கள். உண்மைதான் என்று தெரிந்ததும் பேரத்தை நிறுத்தினார்கள். வேகம் எப்படி ஏறியது என்று யாராலும் சரியாக விளக்க முடிந்ததில்லை. 1997 ஜூனில், சக வீரர் ராமிரோ மென்டோசாவோடு சும்மா பந்து போட்டுப் பிடித்துக்கொண்டிருந்தபோது பந்து கடைசி நொடியில் தானாகவே ஒரு பக்கம் விலகியது. நிறுத்தப் பார்த்தார், நிற்கவில்லை. அந்தப் பந்துதான் அப்புறம் பதினாறு ஆண்டுகளுக்கு மட்டைகளை உடைத்துப் போட்ட கட்டர். கடவுள் கொடுத்தது என்றுதான் அவர் சொல்லிவந்தார்.

இப்போது சொல்லுங்கள், 1992இல் அந்த மைதானத்தின் கம்பி வேலிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஸ்கவுட், அதாவது அணிக்கு ஆள் பார்ப்பவர், எதைப் பார்த்திருக்க வேண்டும்? 1993 டிசம்பர் தகராறையா, 1997 ஜூன் கட்டரையா? டெய்லரைப் பெரிதாகவும் ரிவேராவைச் சிறிதாகவும் எழுதியிருந்தால் அன்றைக்கு அவர் எழுதியது சரி.

ஸ்கவுட் எப்படி எழுதுவார் என்பதும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். 20இலிருந்து 80 வரை ஒரு அளவுகோல். 50 என்றால் மேஜர் லீக்கில் சராசரி. பேட்டருக்கு ஐந்து தலைப்பு: பந்தைத் தொடும் திறன், பலம், ஓட்டம், எறிதல், ஃபீல்டிங். ஓட்டத்துக்கு ஸ்டாப்வாட்ச், எறிதலுக்குக் கண், வீச்சின் வேகத்துக்கு ரேடார். இவை அளக்கக்கூடியவை, பெரும்பாலும் தப்பாது. ஐந்தில் முக்கியமானது முதல் தலைப்பு, அதை அளப்பதுதான் ஆகக் கஷ்டம். ஏனென்றால் பள்ளிக்கூடத்துப் பையன் எதிர்கொள்வது எண்பது மைலைச் சுற்றி வரும் பந்து, கையில் இருப்பது உலோக மட்டை. உலோக மட்டையில் பந்து எங்கே பட்டாலும் ஓரளவு பறக்கும். தொழில்முறையில் மர மட்டை. கைப்பிடிக்குப் பக்கத்தில் பட்டால் கையில் ஷாக் அடித்த மாதிரி விறுவிறுக்கும், பாதி நேரம் மட்டை இரண்டாகிவிடும். 95 மைல் பந்து கையை விட்டு மட்டைக்கு வந்து சேர 0.4 விநாடிதான். அதற்குள் அது நேராக வருகிறதா, கடைசியில் கீழே விழுமா என்று முடிவு செய்ய வேண்டும். பள்ளியில் அப்படி விழுகிற பந்தைப் பார்த்தே இராத பையனுக்கு அது வருமா வராதா என்று பள்ளி மைதானத்தில் உட்கார்ந்து எப்படிச் சொல்வது?

டிரென்டனில் இதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். நியூ ஜெர்சியில் டெலவேர் ஆற்றங்கரையில் சின்ன மைதானம். அப்போது யாங்கீஸின் டபுள் ஏ அணி அங்கே ஆடும். கோல்டன் ரெட்ரீவர் நாய் ஒன்று ஓடிவந்து பேட்டர் போட்ட மட்டையைக் கவ்விக்கொண்டு போகும், குழந்தைகள் பாதிப்பேர் அதைப் பார்க்கத்தான் வருவார்கள். ஆட்டத்துக்கு முன் தடுப்புக் கம்பியோரம் நின்றேன். பிளாஸ்டிக் உறை போட்ட ஆல்பத்தோடு ஏழெட்டுச் சிறுவர்கள், கூடவே நாற்பது வயதுச் 'சிறுவர்கள்' இரண்டு பேர். எல்லோரும் ஒரே பையனைச் சூழ்ந்துகொண்டார்கள், முதல் சுற்றில் எடுத்த பையன். பக்கத்திலேயே இன்னொருவன் மட்டைக்கு டேப் சுற்றிக்கொண்டிருந்தான். அவனை யாரும் கேட்கவில்லை. பாவமாக இருந்ததால் என் டிக்கெட்டை நீட்டினேன். இரண்டு பேர் கைக்காப்பும் ஒரே மாதிரி கிழிந்திருந்தது. முதல் சுற்றுக்காரன் அன்றைக்கு நான்கு முறை ஆடி மூன்று முறை ஸ்ட்ரைக் அவுட், மூன்றும் கீழே விழுந்த பந்துக்கு. அந்த இருவரையும் பிற்பாடு டிவியில் நான் பார்த்ததில்லை. டபுள் ஏ சம்பளம் அப்போதெல்லாம் வாரத்துக்குச் சில நூறு டாலர்தான். 2023இல் சங்கம் வைத்துப் பேசிய பிறகுதான் ஆண்டுக்கு 30,250 டாலர் ஆனது. போனஸ் வாங்கியவன் பொறுத்துக்கொள்வான், டேப் சுற்றுகிறவன் குளிர்காலத்தில் வேறு வேலை தேட வேண்டும். இரண்டு மாதம் அடி வராவிட்டால் முதல் சுற்றுக்காரனுக்குத் தனிக் கோச் கொடுப்பார்கள், மற்றவனைக் கூப்பிட்டுக் கைகுலுக்கி அனுப்பிவிடுவார்கள். போட்ட பணம் வாய்ப்பாக மாறும். ஆகவே பெரிய பெயர்கள் மேலே வருவதில் கொஞ்சம் தன்னைத்தானே நிறைவேற்றிக்கொள்ளும் ஜோசியமும் உண்டு.

பாதிப்பேர் காணாமல் போகிறார்கள் என்று கேள்வியில் தொனிப்பது முதல் இடத்துக்காரர்களுக்குப் பொருந்தாது. 1965இலிருந்து 2020 வரை முதல் ஆளாக எடுக்கப்பட்டு ஒப்பந்தம் போட்டவர்களில் மேஜர் லீக்கில் ஒரு ஆட்டம்கூட ஆடாதவர்கள் இருவர்தான். ஒருவர் டெய்லர். மற்றவர் 1966இல் நியூயார்க் மெட்ஸ் எடுத்த கேட்ச்சர் (விக்கெட் கீப்பர் மாதிரி) ஸ்டீவ் சில்காட், தோள் போனது. அந்த வருடம் இரண்டாவதாகப் போனவர் ரெஜி ஜாக்சன், 563 ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி). மெட்ஸ் ரசிகர்கள் ஐம்பது வருடத்துக்கு மேலாகியும் இதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறார்கள். ஆக, மேலே வருவது பெரும்பாலும் நடந்துவிடுகிறது. ஜாம்பவான் ஆவதுதான் நடப்பதில்லை. முதல் இடத்தில் எடுக்கப்பட்ட ஒருவர் ஹால் ஆஃப் ஃபேமுக்குள் நுழைய 2016 வரை ஆனது. அவர் கென் கிரிஃபி ஜூனியர். அதே நாளில் அதே மேடையில் அவரோடு அந்தக் கௌரவம் பெற்றவர் மைக் பியாசா. பியாசா எடுக்கப்பட்டது 1988இல், 62ஆவது சுற்றில், 1,390ஆவது ஆளாக. அதுவும் திறமைக்காக இல்லை. டாட்ஜர்ஸ் மேனேஜர் டாமி லசோர்டாவுக்கு பியாசாவின் அப்பா பழைய நண்பர், 'பையன் பெயரைச் சும்மா ஒரு முறை கூப்பிடுங்கள்' என்ற சிபாரிசு. நம் ஊரில் சிபாரிசில் வந்தவன் என்றால் உதட்டைப் பிதுக்குவோம். இவர் கேட்ச்சராக ஆடி 396 ஹோம் ரன் அடித்தார், அந்த இடத்தில் வேறு யாரும் அவ்வளவு அடித்ததில்லை.

சரி, எல்லாமே விதி என்று விட்டுவிடலாமா? கூடாது. சிலர் விஷயத்தில் கெடுத்தவர்கள் யார் என்று விரல் நீட்டலாம். டேவிட் கிளைட் கதையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். ஹூஸ்டனில் பள்ளிக்கூடப் பையன், இடக்கை. கடைசி ஆண்டில் 18 ஆட்டம் ஜெயித்து ஒன்றுகூடத் தோற்கவில்லை. 1973இல் டெக்சஸ் ரேஞ்சர்ஸ் முதல் ஆளாக எடுத்தது. அந்த அணி வாஷிங்டனிலிருந்து முந்தைய வருடம்தான் டெக்சஸுக்கு வந்திருந்தது. தோற்றுக்கொண்டே இருந்த அணி, மைதானத்தில் ஈ ஆடவில்லை. முதலாளி பாப் ஷார்ட் கணக்குப் போட்டார். ஜூன் 27ஆம் தேதி, பள்ளி முடித்து மூன்று வாரம்கூட ஆகியிருக்குமோ என்னவோ, பையனை நேரே மேஜர் லீக்கில், பிட்ச்சர் நின்று வீசும் மேட்டில் ஏற்றினார். 35,698 பேர், அந்த மைதானத்தில் முதன்முறையாக டிக்கெட் தீர்ந்தது. வெளியே கார் நெரிசல், ஆட்டமே தாமதமாகத்தான் தொடங்கியது. பையன் முதல் இரண்டு பேருக்கும் வாக் கொடுத்தான். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. அடுத்த மூன்று பேரையும் ஸ்ட்ரைக் அவுட் செய்தான். ஐந்து இன்னிங்ஸ், ஒரே ஒரு ஹிட், 8 ஸ்ட்ரைக் அவுட், 7 வாக். மின்னசோட்டாவை 4-3 என்று ஜெயித்தார்கள்.

இரண்டு ஆட்டம் ஆடவிட்டுக் கீழே அனுப்பிப் பதமாக வளர்ப்போம் என்பதுதான் பேச்சு. ஆனால் டிக்கெட் விற்கிற பையனை யார் கீழே அனுப்புவார்கள்? குருவி தலையில் பனங்காயை வைத்தார்கள், அந்த வருடம் முழுதும் இறக்கவில்லை. தோள் வலி, ஒழுங்கில்லாத வீச்சு, இன்னொரு அணிக்கு மாற்றம். 1979இல் அவர் கடைசி மேஜர் லீக் ஆட்டம் ஆடியபோது வயது 24. மொத்தக் கணக்கு 18 வெற்றி, 33 தோல்வி. வீரர்கள் ஓய்வூதியத்துக்குத் தேவைப்பட்ட சேவைக் காலத்தில் அவருக்கு 37 நாள் குறைந்தது. 37 நாள்!

'சின்ன வயதில் அவசரப்படுத்தினால் கெட்டுவிடும்' என்று இதிலிருந்து சட்டம் எழுதப் போனால் அதே 1973 டிராஃப்ட் குறுக்கே வந்து நிற்கும். மூன்றாவதாகப் போனவர் ராபின் யவுன்ட். மறு வருடமே, பதினெட்டு வயதில், மில்வாக்கி அணியின் நிரந்தர ஷார்ட்ஸ்டாப். நான்காவது டேவ் வின்ஃபீல்ட். கல்லூரியிலிருந்து மைனர் லீக்கில் ஒருநாள்கூட ஆடாமல் நேராக சான் டியேகோ அணிக்கு. யவுன்ட் 3,142 ஹிட், வின்ஃபீல்ட் 3,110 ஹிட், இருவரும் ஹால் ஆஃப் ஃபேமில். மூன்று பேரையும் அவசரமாகத்தான் ஏற்றினார்கள். ஆனால் கிளைட் பிட்ச்சர், மற்ற இருவரும் பேட்டர்கள். என் கணக்கில் பாதி விடை அங்கேதான் இருக்கிறது.

பிட்ச்சரின் கை தேய்கிற பொருள். தலைக்கு மேல் கையைச் சுழற்றி முழு வேகத்தில் எறிய மனிதத் தோளும் முழங்கையும் படைக்கப்பட்டதாகத் தெரியவில்லை. முழங்கையின் உட்பக்கத் தசைநார் அறுந்துபோனால் வேறிடத்துத் தசைநாண் ஒன்றை எடுத்து வைத்துக் கட்டும் அறுவை சிகிச்சையை முன்னே சொன்ன அதே ஃபிராங்க் ஜோப் 1974இல் முதலில் செய்தார். நோயாளி டாமி ஜான் பெயரிலேயே அது நிலைத்துவிட்டது. இப்போது பிட்ச்சர்களிடையே அது பெரியம்மைத் தழும்பு மாதிரி சகஜம். அதனால்தான் பேஸ்பால் கணக்கர்களிடையே ஒரு பேச்சு உண்டு: 'நம்பிக்கைக்குரிய பிட்ச்சர் என்று ஒன்று கிடையவே கிடையாது.' கேலிதான், ஆனால் அடியில் கசப்பு இருக்கிறது.

2001இல் மின்னசோட்டா ட்வின்ஸ் இதே சந்தியில் நின்றது. நாடே சொன்ன பெயர் மார்க் பிரையர், கல்லூரிப் பிட்ச்சர். வீசும் முறையில் ஒரு குறைகூடச் சொல்ல முடியாது என்றார்கள், பயிற்சி வீடியோவில் காட்டும் அளவுக்கு. ட்வின்ஸ் அவரை விட்டுவிட்டு ஜோ மாவர் என்ற உள்ளூர்ப் பையனை எடுத்தது. பணத்தை மிச்சம் பிடிக்கிறார்கள் என்று ஏசினார்கள். அது முழுக்கப் பொய்யும் இல்லை. பிரையரை சிகாகோ கப்ஸ் எடுத்து 1 கோடியே 5 லட்சம் டாலர் கொடுத்தது. 2003இல் அவர் 18 வெற்றி, 245 ஸ்ட்ரைக் அவுட். ட்வின்ஸ் முகத்தில் கரி என்றே எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் அந்த வருடமே எதிரணி ஆட்டக்காரரோடு மோதல், பிறகு நேரே முழங்கையில் வந்து அடித்த பந்து, அப்புறம் தோள். 25 வயதில், 2006இல், கடைசி ஆட்டம். மாவர் மூன்று முறை லீக்கின் சிறந்த பேட்டிங் சராசரி எடுத்தார், 2024இல் ஹால் ஆஃப் ஃபேம். இதில் ட்வின்ஸின் தீர்க்கதரிசனம் எவ்வளவு, சிக்கனம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். பிரையர் பிற்பாடு டாட்ஜர்ஸ் அணியின் பிட்ச்சிங் கோச் ஆனார்.

கை மட்டுமில்லை, தலையும் போகும். ரிக் ஆங்கியல், செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ். 2000இல் 21 வயதில் 194 ஸ்ட்ரைக் அவுட். அக்டோபர் 3ஆம் தேதி, பிளேஆஃப் முதல் ஆட்டம், மூன்றாவது இன்னிங்ஸ். திடீரென்று பந்து கேட்ச்சருக்கு எட்டாத இடத்துக்கெல்லாம் போகிறது. ஒரே இன்னிங்ஸில் ஐந்து வைல்ட் பிட்ச். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. அந்தக் குறி திரும்பி வரவே இல்லை. என்ன செய்தார் தெரியுமா? பிட்ச்சிங்கைத் தலைமுழுகிவிட்டு, மைனர் லீக்கின் அடியிலிருந்து பேட்டராகத் தொடங்கினார். 2007 ஆகஸ்டில் அவுட்ஃபீல்டராகத் திரும்பி வந்த அன்றே ஹோம் ரன் அடித்தார். எந்த ஸ்கவுட்டின் நோட்டிலும் இதற்குக் கட்டம் இல்லை.

கண்ணுள்ள ஸ்கவுட் சொன்னதைக் கேட்காமல் போனதும் உண்டு. 1992இல் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸுக்கு முதல் வாய்ப்பு. மிச்சிகனில் அவர்களுக்கு ஆள் பார்த்தவர் ஹால் நியூஹவுசர், தன் காலத்தில் லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருதான எம்விபியை இரண்டு முறை வாங்கிய பிட்ச்சர். கலமசூவில் ஒரு பையன் இருக்கிறான், கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள் என்று கெஞ்சினார். அந்தப் பையன் அதிகப் பணம் கேட்பான் என்று பயந்து ஃபில் நெவினை எடுத்தார்கள். நியூஹவுசர் வேலையை விட்டே போய்விட்டார். பையன் டெரிக் ஜீட்டர், ஆறாவதாக யாங்கீஸுக்குப் போனான். இங்கே இரண்டு விஷயம் சொல்லியாக வேண்டும். நெவின் 208 ஹோம் ரன் அடித்தவர், அவரைத் தோல்வி என்பது அநியாயம். அடுத்த வருடம் கிரீன்ஸ்பரோவில் ஜீட்டர் செய்த பிழைகள் 56. ஒரே சீசனில் 56 எர்ரர்! அந்த வருடம் அங்கே போய்ப் பார்த்திருந்தால், நியூஹவுசருக்கு வயதாகிவிட்டது என்றுதான் நானும் எழுதியிருப்பேன்.

எங்கள் நியூ ஜெர்சி ஆள் ஒருவரைச் சொல்லாமல் விட மனசில்லை. 2009 டிராஃப்ட் சிகாக்கஸில் ஒரு டிவி ஸ்டூடியோவில் நடந்தது. அன்றைக்கு நேரில் வந்து உட்கார்ந்திருந்த வீரர் ஒருவர்தான், மில்வில்லைச் சேர்ந்த மைக் டிரவுட். பெயர் பெயராகக் கூப்பிடுகிறார்கள், இவர் குடும்பத்தோடு உட்கார்ந்தே இருக்கிறார். கேமராவும் அவரையே காட்டிக்கொண்டிருக்கிறது. கல்யாணப் பந்தியில் இலை போட்டும் சோறு வராதவன் மாதிரி. 24 பெயர் தாண்டி 25ஆவதாக ஏஞ்சல்ஸ் கூப்பிட்டது. 24ஆவதும் அதே ஏஞ்சல்ஸ்தான், அப்போது வேறொருவரை எடுத்தார்கள்! குளிர் மாநிலத்துப் பையன்கள் வருடத்தில் ஆடுவதே கொஞ்ச நாள், ஸ்கவுட்கள் வந்து பார்ப்பதும் குறைவு, அதனால்தான் இந்தத் தயக்கம். பிற்பாடு டிரவுட் மூன்று முறை எம்விபி.

அப்படியானால் இன்னும் ஏன் கோடிக்கணக்கில் கொட்டுகிறார்கள்? மொத்தமாகக் கூட்டிப் பார்த்தால் முன்னே எடுத்தவர்கள் பின்னே எடுத்தவர்களைவிட நன்றாகத்தான் ஆடியிருக்கிறார்கள். 2023இல் பிட்ஸ்பர்க் முதல் ஆளாக எடுத்த பால் ஸ்கீன்ஸ் மறு வருடமே சிறந்த புது வீரருக்கான ரூக்கி விருது வாங்கினார், 2025இல் சிறந்த பிட்ச்சருக்கான சை யங் விருது. எழுதியது எழுதியபடி நடந்தால் அது செய்தியாவதில்லை, நாம் டெய்லர்களையும் பியாசாக்களையும்தான் ஞாபகம் வைத்துக்கொள்கிறோம். தப்பு நடந்தாலும் லாபம் வருவது உண்டு. 2014இல் ஆஸ்ட்ரோஸ் முதலில் எடுத்த பிட்ச்சர் பிரேடி ஏக்கனின் முழங்கை ஸ்கேனில் ஏதோ சரியில்லை என்று பேசிய தொகையைக் குறைத்தார்கள். ஒப்பந்தம் முறிந்தது. பையனை ஏமாற்றிவிட்டார்கள் என்று ஊரே திட்டியது. அடுத்த வசந்தத்தில் அந்த முழங்கை அறுந்தது. அவர் மேஜர் லீக்குக்கு வரவேயில்லை. ஒப்பந்தம் முறிந்ததற்கு ஈடாக ஆஸ்ட்ரோஸுக்கு 2015இல் ஒரு கூடுதல் வாய்ப்புக் கிடைத்தது. அதில் எடுத்தது அலெக்ஸ் பிரெக்மன், இரண்டு உலகத் தொடர் கோப்பைகளை ஜெயித்த அணியின் தூண். இதைக் கெட்டிக்காரத்தனம் என்பதா, பானை பிடித்தவள் பாக்கியம் என்பதா?

கடைசியாக, அதே ஆஸ்ட்ரோஸ் முந்தைய வருடம், 2013இல், முதலில் எடுத்த மார்க் அப்பெல். ஸ்டான்ஃபோர்டு மாணவர், 63 லட்சத்து 50 ஆயிரம் டாலர். இரண்டாவதாகப் போன கிரிஸ் பிரையன்ட் 2016இல் எம்விபியும் உலகத் தொடரும் ஜெயித்தார். அப்பெல் 2014இல் கலிஃபோர்னியாவின் லான்காஸ்டரில், மைனர் லீக்கில், 9 இன்னிங்ஸுக்குச் சராசரியாகப் பத்து ரன்னைத் தொடும் அளவுக்கு அடி வாங்கிக்கொண்டிருந்தார். வேறு அணிக்கு மாற்றினார்கள், தோள், முழங்கை. 2018இல் போதும் என்று வீட்டுக்குப் போனார். 'வரலாற்றிலேயே பெரிய ஏமாற்றம்' என்ற பட்டியல்களில் எல்லாம் அவர் பெயர் ஏறியது. மூன்று வருடம் கழித்துத் திரும்பி வந்தார். யாரும் கேட்கவில்லை, அவராகவே வந்தார். 2022 ஜூன் 29ஆம் தேதி ஃபிலடெல்பியாவில், 31 வயதுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, அட்லாண்டாவுக்கு எதிராக ஒன்பதாவது இன்னிங்ஸ் வீச மேட்டில் ஏறினார். ரன் கொடுக்கவில்லை. அந்த வருடம் ஆறு ஆட்டம், பத்து இன்னிங்ஸும் ஒரு அவுட்டும், கொடுத்தது இரண்டே ரன். பிறகு முழங்கை மறுபடி வலித்தது. இதற்கிடையில், கொலராடோவோடு 18 கோடியே 20 லட்சம் டாலருக்கு ஏழு வருட ஒப்பந்தம் போட்ட பிரையன்ட், முதுகு வலியோடு பெரும்பாலான நாள் வெளியே உட்கார்ந்திருந்தார்.